அப்பா எழுதிக் கொடுத்த மோல்மேன் வழி இன்னும் செல்லுமா?

மாண்டலே பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பர்மாவில், மாண்டலேயில். அப்பா பிறந்து வளர்ந்தது தெற்கே சால்வீன் ஆற்றங்கரையில் இருக்கிற மோல்மேன், 1998-இல் வேலைக்காக இங்கே வந்தவர், 2001-இல் ஆத்தா காரியத்துக்குப் போய் வந்ததோடு சரி. இப்போது சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு முட்டி வலி, நீண்ட பயணம் ஒத்துக்காது, அதனால் நான் மட்டும் போகிறேன். நேற்று ராத்திரி நோட்டுத் தாளில் வழி எழுதிக் கொடுத்தார். அப்படியே போடுகிறேன்:

"ரங்கூன் ரயில் மர்த்தபானோடு நின்றுவிடும். இறங்கியதும் ஓடாதே, கூட்டம் ஏறும் வரை லாஞ்சு கிளம்பாது. துறையில் டீ குடி. ஆற்றைத் தாண்டினால் நேரே ஸ்ட்ராண்ட் ரோடு. சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) பிடி, பேரம் பேசு. செட்டியார் கோயில் என்று சொன்னால் போதும். வழி தவறினால் தெருமுனையில் மேசை போட்டு போன் வைத்திருப்பார்கள், அதிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிடு."

கூகுளில் பார்த்தால் ரயில் பாலத்து மேல் போகிறது, ஸ்டேஷன் மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். "அவனுக்கு என்ன தெரியும்" என்கிறார், கூகுளைத்தான். இந்தத் தாளில் எது செல்லும், எது செல்லாது?

சால்வீன் கரை:
தம்பி, டீ குடி, பேரம் பேசு, இரண்டும் செல்லும். மற்றதெல்லாம் போயிற்று. மர்த்தபான் என்று கேட்டால் உங்கள் வயசுப் பிள்ளைகளுக்குப் புரியாது, மொட்டமா என்று கேளுங்கள்.

சால்வீன் பாலம் திறந்தது 2005 பிப்ரவரியில். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், ரோடும் தண்டவாளமும் ஒன்றாகப் போகும். 2008-இலிருந்து ரங்கூன் ரயில் ஆற்றைத் தாண்டி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அதோடு ஊரே திரும்பி உட்கார்ந்துகொண்டது என்று நான் சொல்வேன். பகோடா மலை ஊருக்கு நடுவே வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது அல்லவா, மேற்கே ஆறு, துறை, பழைய கடைத்தெரு, மாடி வீடுகள். அந்தக் காலத்தில் வருகிறவன் எவனும் ஆற்றுப் பக்கமாகத்தான் வருவான், முதலில் அவன் கண்ணில் படுவது ஊரின் முகம். இப்போது ஸ்டேஷனும் நெடுந்தூர பஸ் நிலையமும் மலைக்குக் கிழக்கே. வாசல் இருக்க எல்லோரும் கொல்லைப்புறமாக வருகிற மாதிரி. மனை விலையும் வாசல் போன பக்கம்தான் போயிற்று, கிழக்கே யாரும் சீந்தாத இடத்தை வாங்கிப் போட்டவர்கள் இன்று பெரிய மனிதர்கள், ஸ்ட்ராண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த என் தாத்தா அப்படி ஒரு மனையை வேண்டாம் என்றவர், அந்தக் கதையை வீட்டில் இன்னும் எடுக்க முடியாது.

லாஞ்சு நின்ற பிறகும் துறையில் பக்கத்து பீலூ தீவுப் படகுகள் மிச்சம் இருந்தன. சிலேட்டுப் பலகை, ரப்பர் பேண்ட் எல்லாம் அங்கே செய்து இங்கே வந்து இறங்கும். 2017-இல் அதற்கும் பாலம் வந்தது. அதற்கு என்ன பேர் வைப்பது என்று நடந்த சண்டை தனிக் கதை, இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான மொன் மக்கள் வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்கள், கடைசியில் வைத்தது பர்மியத் தலைவர் ஜெனரல் ஆங் சான் பேர்தான். சண்டை எதுவானாலும் படகுக்காரனுக்கு வேலை போனது போனதுதான்.

1827-லிருந்து 1852 வரை இதுதான் வெள்ளைக்காரன் பர்மாவுக்குத் தலைநகர், தெரியுமா? தேக்கு, கப்பல் கட்டுவது, எல்லாமே தண்ணீரை நம்பி வந்தது.

மொட்டமா மருமகள்:
அண்ணன் நன்றாகத்தான் எழுதுகிறார், ஆனால் அவர் வீடு ஆஸ்பத்திரி இருக்கிற கரையில். நான் வாழ வந்தது எதிர்க்கரை. துறையில் எங்கள் மாமியாருக்குச் சோற்றுக்கடை, ரயில் வந்தால் இருபது நிமிடத்தில் பானை காலியாகும். பாலம் வந்து ரயில் எங்களைத் தாண்டிப் போக ஆரம்பித்ததும் கடை போயிற்று, உண்மை. அதற்கு அழுதோம். ஆனால் 2003-இல் என் நாத்தனாருக்கு ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்து, லாஞ்சு இல்லை, மீன் படகுக்காரன் காலில் விழுந்து அக்கரை போனோம், மழைக்காலம், ஆறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிழைத்தான். இன்று அவனே மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் பாலத்தைத் தாண்டுகிறான். லாஞ்சு, காத்து, துறை என்று யாராவது பாட்டுப் பாடினால் எனக்குக் கோபம் வரும், மன்னிக்கவும்.

முடோன்காரன்:
மேசை போனைத் தேடாதீர்கள். 2014-இல் டெலினார், ஊரிடூ என்ற போன் கம்பெனிகள் 1500 கியாத்துக்கு சிம் கொடுத்தார்கள், அதற்கு முன்னால் ஒரு சிம்முக்கு வீட்டுப் பெண்களின் நகை போகும். மேசை போன்காரர்கள் அத்தோடு சரி. சைக்கா ஒன்றிரண்டு கண்ணில் படலாம். ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை, எங்கள் பக்கம் அதுதான் எல்லாம், ஸ்டேஷனிலிருந்து அதிலேயே வந்துவிடுங்கள்.

செட்டியார் கோயில் என்று ஓட்டுகிறவனிடம் தமிழில் சொல்லாதீர்கள், பர்மியப் பேரைச் சித்தப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் இப்போது கூட்டம் எல்லாம் வயசானவர்கள். பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் வரும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அந்தப் பிள்ளைகளும் குறைவு, தாய்லாந்து பக்கம் போய்விட்டார்கள். என் தெருவில் கல்யாணப் பந்தல் கட்ட இருபது வயசில் ஆள் கிடைக்கவில்லை, நாங்கள்தான் ஏறினோம். இதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம். அடையாள அட்டையை மேல் பையில் வையுங்கள், ராத்திரிப் பயணம் வேண்டாம், ரயில் ஓடுகிறதா என்று கிளம்புகிற நாளில் விசாரியுங்கள்.

மாண்டலே பேரன்:
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் தாளை வாங்கி "லாஞ்சு" வரியை அடித்துவிட்டு, பாலத்தில் ரயில் போகும்போது ஊர் தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

சால்வீன் கரை:
வலது பக்கம். ஜன்னலோரம்.