விற்பனை ஆணைக்கு வாங்கும் முன்பணத்தை டேலியில் எப்படிப் பதிவது?

பீளமேட்டுக் கணக்கர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். உணவுப் பொருள்களைப் பொட்டலமிடும் இயந்திரங்களைச் செய்து விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஆர்டர் உறுதியானதும் 30 விழுக்காடு அட்வான்ஸ் வாங்குவதும், இயந்திரம் தயாரான பிறகு, லாரியில் ஏற்றுவதற்கு முன் மீதியை வாங்குவதும் எங்கள் வழக்கம்.

எனக்கு முன்பு இருந்தவர் வந்த முன்பணத்தையெல்லாம் ரசீது வவுச்சரில் ‘ஆன் அக்கவுண்ட்’ (எதற்கு உரியது என்று குறிக்காத வரவு) என்று வாடிக்கையாளர் லெட்ஜரில் வரவு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரே வாடிக்கையாளர் மூன்று, நான்கு ஆர்டர்கள் கொடுத்திருக்கும்போது எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு உரியது என்று முதலாளி கேட்டால் வங்கி அறிக்கையையும் மின்னஞ்சல்களையும் புரட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பணத்துக்குத் தனி லெட்ஜர் வைத்தால் இது தீருமா? முன்பணம் வந்த மாதத்திலேயே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று ஒருவரும், வேண்டாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இவற்றில் எது சரி?

---

வரவுசெலவு எழுதுகிறார்:

டேலியில் விற்பனை ஆணை (சேல்ஸ் ஆர்டர்) என்பது நினைவுக் குறிப்பு போன்றதுதான். அது எந்த லெட்ஜரையும் தொடாது. ரசீது வவுச்சருக்கும் ஆணைக்கும் இடையே மென்பொருள் தானாக எந்தத் தொடர்பையும் ஏற்படுத்தாது என்பதால், அந்தத் தொடர்பை நாம்தான் பில்-வைஸ் விவரத்தில், அதாவது தொகை எந்தப் பில்லுக்கு அல்லது முன்பணத்துக்கு உரியது என்று குறிக்கும் இடத்தில், உண்டாக்க வேண்டும். ரசீதைப் பதியும்போது ‘ஆன் அக்கவுண்ட்’ என்பதற்குப் பதிலாக ‘அட்வான்ஸ்’ என்ற வகையைத் தேர்ந்து, அதன் பெயராக ஆணை எண்ணையே கொடுங்கள். தனி லெட்ஜர் தேவைப்படாது.

5,00,000 ரூபாய் இயந்திரத்துக்கு 18 விழுக்காடு வரி சேர்த்து 5,90,000 ரூபாய் ஆகிறது என்றும், ஆணை எண் 112 என்றும், முன்பணம் 1,77,000 என்றும் வைத்துக்கொள்வோம். விற்பனை வவுச்சரில் வாடிக்கையாளர் பற்றாகும் 5,90,000 ரூபாயை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 1,77,000 ரூபாய்க்கு ‘அகைன்ஸ்ட் ரெஃப்’ கொடுத்து 112-ஐத் தேர்ந்தெடுங்கள்; மீதி 4,13,000 ரூபாய்க்கு ‘நியூ ரெஃப்’ கொடுத்து பில் எண்ணை இடுங்கள். அதன் பிறகு நிலுவை அறிக்கையில் அந்தப் பில்லுக்கு வர வேண்டிய தொகை மட்டும் நிற்கும். பில் போடப்படாத ஆணைகளின் முன்பணங்கள் ஆணை எண்ணோடு வரவில் தனித்தனியாகத் தெரியும். உங்கள் முதலாளி கேட்கும் பட்டியல் அதுதான்.

பழைய ‘ஆன் அக்கவுண்ட்’ பதிவுகளை ஜர்னல் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். ரசீது வவுச்சரையே திறந்து, பில்-வைஸ் விவரத்தை மட்டும் மாற்றினால் தொகையும் தேதியும் மாறாமல் இருக்கும். தணிக்கை முடிந்த ஆண்டுகளின் பதிவுகளைத் தொடுவதற்கு முன் மட்டும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் உங்களிடம் பேசிய இருவரும் வேறு வேறு காலத்தைப் பற்றியோ, வேறு வேறு வணிகத்தைப் பற்றியோ பேசியிருக்கலாம். சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு வந்த மாதத்திலேயே வரி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பர் 15-ஆம் நாளின் 66/2017 மத்திய வரி அறிவிக்கை சொல்கிறது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் குறைந்த விழுக்காட்டை வரியாகக் கட்டும் எளிய முறை) இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. சேவைக்கு இந்தச் சலுகை கிடையாது. பணம் வந்தாலே வரிப் பொறுப்பு வந்துவிடும்.

---

நடுநிலைத் தணிக்கை எழுதுகிறார்:

மேலே சொன்ன பில்-வைஸ் முறை சரியானதுதான். ஆனால் தனி லெட்ஜர் தேவையே இல்லை என்பதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் பழைய பில்லுக்கு 3,00,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. அவரே புதிய ஆர்டருக்கு 2,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். ஒரே லெட்ஜரில் இருந்தால் மார்ச் 31 அன்று 1,00,000 ரூபாய் பற்று மட்டுமே இருப்புநிலைக் குறிப்புக்குப் போகும். நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி வர வேண்டிய கடன் சொத்துப் பக்கத்திலும், வாடிக்கையாளர் முன்பணம் நடப்புப் பொறுப்புகளிலும் தனித்தனியே வர வேண்டும். வங்கிக்குக் கொடுக்கும் மாதாந்திரக் கடனாளிப் பட்டியலிலும் இதே குழப்பம் வரும்.

தனி லெட்ஜரில் வேறு ஆபத்து உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில் போடும்போது முன்பணத்தை வாடிக்கையாளர் கணக்குக்கு மாற்ற ஒரு ஜர்னல் கூடுதலாகப் போட வேண்டும். அதைப் போட மறந்தால் பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கே முழுத் தொகைக்கும் நினைவூட்டல் கடிதம் போய்விடும். எனவே ஆர்டர்கள் குறைவாக உள்ள சிறு நிறுவனம் ஒரே லெட்ஜரில் பில்-வைஸ் வைத்துக்கொண்டு, ஆண்டு முடிவில் ‘அட்வான்ஸ்’ வகையில் நிற்கும் தொகைகளை மட்டும் பிரித்துக் காட்டினால் போதுமானது.

எந்த முறையை எடுத்தாலும் முன்பணத்தை விற்பனையில் சேர்க்கக் கூடாது. ஆர்டர் கையில் இருக்கிறது, பணமும் வந்துவிட்டது என்பதால் மார்ச் மாத விற்பனையைக் கூட்டிக் காட்டும் ஆசை பலருக்கு வருகிறது. சரக்கு போகும் வரை அது நாம் வாடிக்கையாளருக்குப் பட்டிருக்கும் கடன்தான். முன்பணம் கேட்பதற்கு புரோஃபார்மா இன்வாய்ஸ் (வரிக் கணக்கில் சேராத முன்மாதிரிப் பில்) அனுப்புங்கள். வரி இன்வாய்ஸ் போட்டுவிட்டால் வரிப் பொறுப்பு அன்றே வந்துவிடும், சரக்கு கைக்கு வராததால் வாங்குபவரால் உள்ளீட்டு வரியையும் (கொள்முதலில் கட்டிய வரியைத் தன் வரியில் கழிப்பதையும்) எடுத்துக்கொள்ள முடியாது.

---

பீளமேட்டுக் கணக்கர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆணை எண்ணைப் பெயராகக் கொடுக்கும் முறையை இன்றே தொடங்குகிறேன். இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. ஒரே ஆணையில் மூன்று இயந்திரங்கள், மூன்று பில்கள் என்றால் முன்பணத்தை எந்தப் பில்லில் கழிப்பது? சில ஆணைகளில் இயந்திரத்தோடு நிறுவித் தருவதும் சேர்ந்திருக்கிறது. வேறு சிலர் ஆண்டுப் பராமரிப்புக்கும் முன்கூட்டியே பணம் கட்டுகிறார்கள். இவை சேவை ஆகாவா? ஒரு பெரிய நிறுவனம் அனுப்பிய முன்பணம் கேட்டதைவிடச் சற்றுக் குறைவாக வந்திருப்பதற்கும் காரணம் புரியவில்லை.

---

வரவுசெலவு:

மூன்று இயந்திரங்கள் என்றால் மொத்தம் 17,70,000 ரூபாய், முன்பணம் 5,31,000 ரூபாய். முதல் பில்லிலேயே அனைத்தையும் கழித்தால் வாடிக்கையாளர் வெறும் 59,000 ரூபாய் கட்டி முதல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்ற இரண்டுக்கும் உங்கள் கையில் எந்தப் பிடிமானமும் இராது. பில்லுக்கு 1,77,000 வீதம் விகிதப்படி கழிப்பதே விற்பவருக்குப் பாதுகாப்பு. ஆனால் இதைக் கணக்கர் தாமாக முடிவு செய்யக் கூடாது. எப்படிக் கழிக்கப்படும் என்று ஆர்டர் உறுதிக் கடிதத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்ட இடத்தில் ‘முதல் பில்லில் கழிக்கவும்’ என்று வாங்குபவர் கேட்பார், நீங்களும் மறுக்க முடியாது.

ஒரே விலையில் இயந்திரமும் நிறுவுதலும் சேர்ந்து வந்தால் முதன்மையானது இயந்திரம்தான் என்பதால் மொத்தமும் சரக்காகவே கொள்ளப்படும், முன்பணம் வரும்போது வரி கட்ட வேண்டியதில்லை. ஆண்டுப் பராமரிப்பு தனிச் சேவை. அதற்கு 1,18,000 ரூபாய் முன்பணமாக வந்தால் அதற்குள்ளேயே 18,000 ரூபாய் வரி இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வாடிக்கையாளருக்கு ரசீது வவுச்சர் கொடுக்க வேண்டும். அதே மாதத்தில் பில் போட்டுவிட்டால் தொல்லை இல்லை. இல்லையென்றால் விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 11ஏ அட்டவணையில் காட்டி வரியைக் கட்டி, பிறகு பில் போடும் மாதத்தில் 11பி-யில் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கழிவை மறந்து இரண்டு முறை வரி கட்டும் நிறுவனங்கள் நிறைய உண்டு. பராமரிப்பு முன்பணத்துக்கு இயந்திர ஆணை எண்ணைக் கொடுக்காமல் வேறு முன்னொட்டோடு பெயர் வையுங்கள். இரண்டும் ஒரே பட்டியலில் கலந்தால் எதற்கு வரி கட்டியிருக்கிறோம் என்பது பிடிபடாது.

குறைந்து வந்த தொகை 0.1 விழுக்காடா என்று பாருங்கள். முந்தைய ஆண்டில் 10 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர், ஒருவரிடம் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் கொள்முதல் செய்தால், மிகுதிக்கு அந்த விகிதத்தில் மூலவரி (டி.டி.எஸ்., பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும்போதே பிடிப்பார். அந்தச் சிறு தொகையையும் மூலவரிக் கணக்கில் பற்று வைத்து, முன்பணத்தை முழுத் தொகைக்கே பதியுங்கள். இல்லாவிட்டால் பில்லோடு பொருத்தும்போது சில நூறு ரூபாய் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

---

திறமூலன் எழுதுகிறார்:

டேலிக்கு வெளியே ஒரு சிறு தகவல். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல வணிக மென்பொருளில் பணம் பெற்ற பதிவை நேரடியாக விற்பனை ஆணையோடு இணைக்கலாம். ஆணையிலேயே எவ்வளவு முன்பணம் வந்தது என்று தெரியும், பில் போடும்போது அதை இழுத்துக்கொள்ளலாம். நிறுவன அமைப்பில் தேர்ந்தெடுத்தால் முன்பணம் தனிப் பொறுப்புக் கணக்குக்கும் போகும். நடுநிலைத் தணிக்கை சொன்ன கூடுதல் ஜர்னல் பிரச்சினை அங்கே பெரிதும் குறைகிறது. இதற்காக மட்டும் மென்பொருளை மாற்றச் சொல்ல மாட்டேன்.

---

நடுநிலைத் தணிக்கை:

பிரைவேட் லிமிடெட் என்று சொன்னீர்கள் அல்லவா, அதனால் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் நிறுவன வைப்புத்தொகை விதிகளின்படி, சரக்குக்காகவோ சேவைக்காகவோ வாங்கிய முன்பணம், பெற்ற நாளிலிருந்து 365 நாள்களுக்குள் அந்தச் சரக்கு அல்லது சேவைக்குச் சரிக்கட்டப்பட்டால்தான் அது வைப்புத்தொகை அல்ல என்று கொள்ளப்படும். நீதிமன்ற வழக்கில் சிக்கிய தொகைக்கு மட்டும் இந்தக் காலவரம்பு இல்லை. வாடிக்கையாளர் ‘கட்டடம் முடியவில்லை, இயந்திரத்தைப் பிறகு அனுப்புங்கள்’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் ஆர்டர்களில்தான் இது நம்மை அறியாமல் கடந்துபோகும். பழைய ‘ஆன் அக்கவுண்ட்’ பதிவுகளைப் பிரிக்கும்போது ரசீதுத் தேதி வாரியாக முன்பணங்களை அடுக்கி, பத்து மாதத்தைக் கடந்தவற்றைத் தனியே எடுத்து முதலாளியிடமும் ஆடிட்டரிடமும் கொடுங்கள். வைப்புத்தொகை விவரங்களைக் காட்டி ஜூன் 30-க்குள் தாக்கல் செய்யும் டிபிடி-3 படிவத்துக்கும் அதே பட்டியல் வேண்டியிருக்கும்.