கட்சி கொடுக்கும் எண் வரிசைக்கு என்ன சொல்? (1999 நியூ சவுத் வேல்ஸ் மேலவைப் பாடம்)

*சிட்னியிலிருந்து:*
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்ட மேலவை பற்றி ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 1934 முதல் அந்த அவைக்கு ஆட்களை இரு அவை உறுப்பினர்களுமே தேர்ந்தெடுத்தார்கள், 1978-இல்தான் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள் என்பதுவரை எழுதிவிட்டேன். 1999 மார்ச் 27 தேர்தலில்தான் நிற்கிறேன்.

அன்று 21 இடங்களுக்கு 264 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம். மேசைவிரிப்பு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. சீட்டின் குறுக்கே ஒரு தடித்த கோடு. கீழே வேட்பாளர் பெயர்கள், மேலே குழுவுக்கு ஒரு கட்டம். மேலே ஏதாவது ஒரு கட்டத்தில் 1 போட்டால் போதும். 1 பெற்றவருக்குப் பயன்படாத வாக்கு அடுத்த எண்ணுக்குப் போகும்; அந்த 2, 3 என்ற மீதி எண்களெல்லாம் அந்தக் கட்சி தேர்தலுக்கு முன்பே எழுதிக் கொடுத்த வரிசைப்படி அமையும். அந்த வரிசைக்குத்தான் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் group voting ticket. அதை அப்படியே 'குழு வாக்குச்சீட்டு' என்றால் பிள்ளைகள் தாளைத்தான் நினைப்பார்கள்.

*யாழ்ப்பாணத்திலிருந்து:*
புதிதாக ஏன் தேடுகிறீர்கள்? 1989 இலங்கைப் பொதுத்தேர்தலில் இருந்து எங்கள் சனம் எல்லோருக்கும் 'விருப்பு வாக்கு' தெரியும்; கட்சிக்கு வாக்குப் போட்டு, அதன் வேட்பாளரில் பிடித்தவருக்கும் போடுவது. கட்சி கொடுக்கும் பெயர்ப் பட்டியலான 'தேசியப் பட்டியல்' தெரியும். இரண்டையும் சேர்த்துக் 'குழு விருப்புப் பட்டியல்' என்று போடுங்கள். சந்தையில் மீன் விற்கிறவருக்கும் விளங்கும்.

*தஞ்சாவூரிலிருந்து:*
பட்டியல் என்பது பெயர்களை அடுக்கினாலே போதும் என்ற சொல். இங்கே வரிசைதான் உயிர். அதற்கு 'நிரல்' இருக்கிறது. நிரை, நிரத்தல், நிரல் எல்லாம் ஒரே குடும்பம். தொல்காப்பியம் 'நிரனிறை சுண்ணம் அடிமறி மொழிமாற்று' என்று பொருள்கோளை, அதாவது செய்யுளில் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைகளை, எண்ணும்போது வரிசையாக நிறுத்தும் நிரனிறையைத்தானே முதலில் வைக்கிறது? அகநானூறு 77-ஆம் பாட்டில் 'கயிறுபிணிக் குழிசி ஓலை' வருகிறது. குடத்திலிருந்து ஓலை எடுத்த மரபு நம்முடையது. ஆகவே 'நிரலோலை'. உத்திரமேரூர்க் கல்வெட்டுக் காலத்துப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

*கோவையிலிருந்து:*
ஐயா, உத்திரமேரூரில் நடந்தது குலுக்கல். குடத்தில் கையைவிட்டு ஓலை எடுத்த சிறுவனுக்கு விருப்பமும் கிடையாது, வரிசையும் கிடையாது. இன்றைய பிள்ளைகளிடம் நிரல் என்றால் கணினி நிரல்தான். மரபுக்காகப் புரியாத சொல்லைக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் 'விருப்பு'க்கும் நான் கடுமையாக மறுப்புச் சொல்கிறேன். விருப்பு வாக்காளருடையது. எங்கள் அப்பா ஆசிரியர் தொகுதியில் வாக்களித்தவர். 1986-இல் நம் தமிழ்நாட்டு மேலவை கலைக்கப்படும் வரை 1, 2, 3 என்று தன் கையால் எழுதினார். அது விருப்பு. 1999-இல் அங்கே நடந்தது வேறு. ஓர் இடம் பெற 22-இல் ஒரு பங்குக்குமேல், அதாவது 4.55 சதவீதத்தை ஒட்டி வாக்கு வேண்டும். வெளிப்புறப் பொழுதுபோக்குக் கட்சியின் மால்கம் ஜோன்ஸ் 0.2 சதவீத முதல் வாக்கோடு உள்ளே போய்விட்டார். ஏராளமான சிறு கட்சிகள் தங்கள் வரிசைகளில் ஒன்றுக்கொன்று முன் எண்களைக் கொடுத்துக்கொண்டதன் பலன். யாரோ ஒருவருக்கு 1 போட்டவரின் சீட்டு, அவர் பெயரே கேள்விப்படாத ஒருவருக்கு ஏணியானது. அதை 'விருப்பு' என்று பாடத்தில் அச்சடித்தால் பிள்ளைகளிடம் பொய் சொல்கிறோம். 'கட்சி தந்த வரிசை' என்று எழுதுங்கள்.

*யாழ்ப்பாணத்திலிருந்து:*
கட்சியினுடைய விருப்பும் விருப்புத்தானே?

*தஞ்சாவூரிலிருந்து:*
'கட்சி தந்த வரிசை' விளக்கம், கலைச்சொல் அல்ல. வேற்றுமை ஏற்கவேண்டும், அடைமொழி ஏற்கவேண்டும். 'கட்சி தந்த வரிசை ஒழிப்புச் சட்டம்' என்று எழுதிப் பாருங்கள்.

*கோவையிலிருந்து:*
சரி, 'கட்சி வரிசை' என்று சுருக்கலாம். அப்புறம் அந்த 4.55 சதவீதத்தை ஆங்கிலத்தில் quota என்பதால் 'ஒதுக்கீடு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் படிப்பவர் இட ஒதுக்கீடு என்றே எடுத்துக்கொள்வார். 'வெற்றி வரம்பு' போதும்.

*சிட்னியிலிருந்து:*
வெற்றி வரம்பை எடுத்துக்கொள்கிறேன். மற்றதில் நான்கு பேர் தனிமடலில் 'கட்சி வரிசை'க்குச் சம்மதம் சொன்னார்கள்; இருவர் 'இனி எதுவானாலும் சரி' என்றார்கள். பாடத்தின் அடுத்த பத்திக்கும் அது பொருந்துகிறது: அந்தத் தேர்தலுக்குப் பிறகு கட்சி வரிசையை எடுத்துவிட்டார்கள், 2003 முதல் கோட்டுக்கு மேலேயும் 2, 3 என்று வாக்காளரே எழுதலாம், கோட்டுக்கு மேல் கட்டம் வேண்டுமென்றால் குழுவில் 15 வேட்பாளர் இருக்கவேண்டும். அந்த 2, 3-க்கு 'விருப்பு' என்றே எழுதுகிறேன், யாழ்ப்பாணத்து அண்ணா.

*தஞ்சாவூரிலிருந்து:*
அடிக்குறிப்பிலாவது நிரலோலையைச் சேருங்கள். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.