நாயனக்காரர் கதையில் ப, ம, வ கிடையாது. அம்மாவை எப்படிக் கூப்பிடுவது?

ஆடுதுறையான்:
முகூர்த்த மாதத்தில் பைக்கிலிருந்து விழுந்து கீழ் உதடு கிழிந்த ஒரு நாயனக்காரர்தான் கதை சொல்கிறார். அதனால் ப, ம, வ வரிசையில் ஓர் எழுத்துகூட வரக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். உதடு ஒட்டாமல் பாடும் பழைய செய்யுள் வகையான நிரோட்டகத்தில் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்று உதடு குவியும் ஒலிகளும் ஆகாது. அதற்குப் போனால் ‘எனக்கு’ என்றுகூட எழுத முடியாது, விட்டுவிட்டேன். ஆரம்பம் இது:

“கீழ் உதட்டில் தையல் ஏழு. ‘இனி ஊதாதீங்க’ என்றார் டாக்டர். நான் சிரிக்கத்தான் நினைத்தேன். சிரித்தால் நாக்கில் ரத்த ருசி. கச்சேரி எல்லாத்தையும் ரத்து செய்தேன்.”

பத்து நாளாக ஒரு பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. வருவான், படிப்பாள் என்று எதிர்காலமே போச்சு. அவன், அவள், அவர் மூன்றும் போச்சு. நாயனம், நாதஸ்வரம், சீவாளி, தவில்... பாவம், தன் தொழிலின் பெயரையே அந்த மனுஷனால் சொல்ல முடியாது! இதையெல்லாம்கூட ஒப்பேற்றிவிட்டேன். அம்மாதான் இடிக்கிறது. ‘ஆத்தா’ என்றால் எங்கள் தெரு மாறிவிடுகிறது. ‘தாய்’ என்றால் மேடைப்பேச்சு. என்ன செய்யலாம்?

குற்றியலுகரம்:
வ சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டாது, கவனித்தீர்களா? ப, ம-வுக்கு இதழோடு இதழ், வ-வுக்குப் பல்லும் இதழும் என்று தொல்காப்பியம் பிறப்பியலிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் தையல் கீழ் உதட்டில் என்பதால், பல் போய்ப் படும் அந்த வ-தான் அவருக்கு ரொம்ப வலிக்கும். விலக்கியது சரி. உ, ஓ-வை விட்டதற்கும் வருத்தப்படாதீர்கள். உதடு ஒட்டாத குறள் என்று எல்லோரும் காட்டும் 341-லும் ‘நோதல்’ இருக்கிறது, உதடு குவியத்தான் செய்கிறது.

பிழைபிடி:
‘எல்லாத்தையும்’. கடைசி ம் தப்பிச்சிருக்கு!
கண்ணால் தேடாதீங்க. பைத்தான் நிரலில் [பமவ]ன்னு ஒரு ரீஜெக்ஸ், அதாவது தேடல் வாய்பாடு, போட்டா போதும். யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறியா உட்காருவதால் பா, மெ, வ் எதுவானாலும் சிக்கிடும். இதே யூனிகோடு, திருப்பிப் படிச்சாலும் அதேயா வரும் மாலைமாற்றில் காலை வாரும். ‘விகடகவி’யை அப்படியே திருப்பிப் போட்டா இகரக் குறி முன்னாடி வந்து அலங்கோலமா நிக்கும். எழுத்தெழுத்தாப் பிரிச்சுட்டுத்தான் திருப்பணும்.

திண்ணை:
எனக்கு ஒரு சந்தேகம். மனசுக்குள் கதை சொல்ல உதடு எதற்கு? அவர் வாய்விட்டுப் பேசினால்தான் இந்தக் கட்டுப்பாடு நிற்கும். இல்லாவிட்டால் வெறும் வித்தை. வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு வாய்ஸ் அனுப்பட்டும். அக்காவின் பதிலில் ப, ம, வ தாராளமாக வரலாம், அவள் உதட்டுக்கு என்ன?
அம்மா சிக்கலும் அதிலேயே தீர்ந்துவிடும். தமிழில் எழுவாயை யார் கேட்டார்கள்?
“அக்கா, தூங்கிட்டாங்களா? நான் இன்னிக்கு ஊதலைன்னு சொல்லிடாதே.”

ஆடுதுறையான்:
அந்த ‘ஆங்க’-வில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பத்து நாளாக இது தோன்றவில்லையே! எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மிருதங்கம்:
தாமதமாக வருகிறேன். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உண்டாக்கிய ராகம் ஒன்று உண்டு, பெயர் நிரோஷ்டா. சங்கராபரணத்திலிருந்து ம-வையும் ப-வையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க த நி. ஸ்வரம் பாடினால் உதடு ஒட்டவே ஒட்டாது. ‘உதடு இல்லாதது’ என்றுதான் பெயருக்கே அர்த்தம். உங்கள் ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆடுதுறையான்:
தெரிந்திருக்கும். நாலாவது வாய்ஸில் பேச்சே வேண்டாம், பாடட்டும்.