டைகர் உட்ஸுக்கு முன்னால் யார்? மகனின் தமிழ் வகுப்புப் பேச்சுக்கு உதவி தேவை

ஈசூன்வாசி:

வணக்கம். மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். தமிழ் வகுப்பில் விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். டைகர் உட்ஸை எடுத்திருக்கிறான். 1997-ல் 21 வயதில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை, இரண்டாவதாக வந்தவரைவிட 12 முறை குறைவாகப் பந்தை அடித்து வென்றார் என்பதெல்லாம் எழுதியாகிவிட்டது. நேற்று சாப்பிடும்போது, "அம்மா, அவருக்கு முன்னாடி கறுப்பினத்தவர் யாருமே கோல்ஃப் ஆடலையா? ஏன் அவ்வளவு லேட்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். ஒரே ஒருவரைப் பற்றி விரிவாகச் சொன்னாலும் போதும்.

பசும்புல்:

தங்கச்சி, பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். நான் இங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் புல்தரைப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலை பார்த்தவர். அதனால் இந்த வரலாற்றை எங்கே பார்த்தாலும் விடமாட்டேன்.

முதலில் ஒன்று. அவர்கள் தாமதமாக வரவில்லை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டார்கள். 1896-ல் ஷின்னகாக் ஹில்ஸில் நடந்தது இரண்டாவது அமெரிக்கப் பொது விருதுப் போட்டி. அதில் ஜான் ஷிப்பன் என்ற 16 வயது கறுப்பினப் பையன் ஆடினான். அவனும், ஷின்னகாக் பழங்குடியைச் சேர்ந்த ஆஸ்கார் பன்னும் ஆடினால் நாங்கள் விலகிவிடுவோம் என்று மற்ற ஆட்டக்காரர்கள் சிலர் மிரட்டினார்கள். போட்டியை நடத்திய அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவர் ஹேவ்மேயர் மசியவில்லை. அந்த இரண்டு பேர் மட்டும் ஆடினாலும் போட்டி நடக்கும் என்றுவிட்டார். ஒரு குழியில் மட்டும் பந்தை 11 முறை அடிக்க வேண்டியிருந்தும் ஷிப்பன் முதல் பத்து இடங்களுக்குள் வந்தான். பந்தை நிறுத்தி வைக்கும் சின்ன மர ஆணி இருக்கிறதே, அதற்கு 1899-ல் காப்புரிமை வாங்கியவரும் பாஸ்டனில் பல் மருத்துவராக இருந்த ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினத்தவர்தான்.

பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். 1934-ல் பிஜிஏ, அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம், வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தன் விதியிலேயே எழுதி வைத்தது. உறுப்பினர் இல்லையென்றால் பெரிய போட்டிகள் பலவற்றில் இடமில்லை. கிளப்பில் பயிற்றுநர் வேலையும் கிடைக்காது. கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டு சின்னச் சின்னப் பரிசுத்தொகைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் நான் பில் ஸ்பில்லரைச் சொல்வேன். இவரை யாரும் சொல்வதில்லை. கல்லூரிப் பட்டம் பெற்றவர். வேலையோ லாஸ் ஏஞ்சலிஸ் ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்குவது. முப்பது வயதை நெருங்கும்போதுதான் கோல்ஃப் மட்டையையே பிடித்தார். 1948-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பொதுப் போட்டியின் முதல் நாளில் 68 அடிகளில் முடித்தார். பென் ஹோகன் அன்று எடுத்ததும் அதே 68. ஹோகன் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், கோல்ஃப் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் போட்டியில் முதல் 60 இடங்களுக்குள் வந்தவர்களுக்கு அடுத்து ரிச்மண்டில் நடக்கும் போட்டியில் இடம் உண்டு. ஸ்பில்லரும் டெட் ரோட்ஸ் என்ற இன்னொருவரும் அப்படித் தகுதி பெற்று, ரிச்மண்ட் போய், பயிற்சி ஆட்டமும் ஆடிவிட்டார்கள். அப்புறம்தான் பிஜிஏ ஆள் வந்து, நீங்கள் ஆட முடியாது என்றார். வழக்குப் போட்டார்கள். இனிப் பாகுபாடு காட்டமாட்டோம் என்று சங்கம் வாக்குக் கொடுத்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். சங்கம் செய்தது என்ன தெரியுமா? பொதுப் போட்டிகளை 'அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும்' என்று மாற்றிவிட்டது. அழைப்பு வராது, அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

1952-ல் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், சான் டியேகோ போட்டியில் கறுப்பினத்தவரை ஆட விடாததற்குப் பெரிய சத்தம் போட்ட பிறகு கொஞ்சம் வழி விட்டார்கள். அதே ஆண்டு ஃபீனிக்ஸ் போட்டியில் லூயிஸ், ஸ்பில்லர், ரோட்ஸ், சார்லி சிஃபோர்டு என்ற இன்னொரு கறுப்பின ஆட்டக்காரர், இந்த நால்வரும் ஒரே குழுவாகக் காலையில் முதலில் இறங்கினார்கள். முதல் குழிக்குப் போய்க் கொடிக்கம்பை எடுத்தால், குழி நிறைய மனித மலம்.

இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். குழி வெட்டுவது என் வேலை. விடியும் முன்னே உருளைக் கத்தியை மண்ணில் இறக்கி, நேற்றைய குழியை அதே மண்கட்டியால் அடைத்து, விளிம்பு பிசிறாமல் புதுக் குழி எடுத்து, உள்ளே கிண்ணத்தை ஓர் அங்குலமாவது கீழே இறக்கிப் பொருத்துவோம். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த குழிக்குப் போவோம். முதல் குழு வருவதற்குள் அதில் கை வைக்க வேண்டுமென்றால், யாரோ திட்டம் போட்டு, இருட்டிலேயே வந்திருக்க வேண்டும். அந்த நால்வரும் கிண்ணத்தை மாற்றும்வரை காத்திருந்து ஆடினார்கள்.

1960-ல் ஸ்பில்லர் ஒரு கிளப்பில் பை தூக்கிக்கொண்டிருந்தார். யாருடைய பையைத் தூக்கினாரோ அவரிடமே தன் கதையைச் சொல்ல, அவர் கலிஃபோர்னியா தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டான்லி மாஸ்க்கிடம் சொல்லச் சொன்னார். மாஸ்க் விடாமல் பிடித்தார். இந்த விதி இருக்கும்வரை கலிஃபோர்னியாவில் போட்டி நடத்த முடியாது என்றார். சங்கம் தன் 1962 போட்டியை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பென்சில்வேனியாவுக்கு மாற்றிப் பார்த்தது. மற்ற மாநிலங்களுக்கும் மாஸ்க் எழுதினார். 1961 நவம்பரில் விதியை எடுத்தார்கள்.

அப்போது ஸ்பில்லருக்கு 48 வயது. ஆட வேண்டிய வயதெல்லாம் போய்விட்டது. 1988-ல் இறந்தார். பிஜிஏ அவருக்கு உறுப்பினர் தகுதி கொடுத்தது 2009-ல். ஷிப்பனுக்கும் ரோட்ஸுக்கும் அதே ஆண்டுதான்.

பலன் சிஃபோர்டுக்குக் கொஞ்சம் கிடைத்தது. 1967-ல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸிலும் வென்றார். ஆனால் மாஸ்டர்ஸ் அவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. டைகர் தன் மகனுக்கு சார்லி என்று பெயர் வைத்தது இவர் நினைவாகத்தான். பென்சகோலாவில் உடை மாற்றும் அறைக்குள் விடாததால் கார் நிறுத்துமிடத்தில் உடை மாற்றிய லீ எல்டர், அதே பென்சகோலாவில் 1974-ல் வென்று, 1975-ல் மாஸ்டர்ஸில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். கொலை மிரட்டலுக்குப் பயந்து ஊரில் இரண்டு வீடு வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார். மாஸ்டர்ஸ் நடக்கும் அந்தக் கிளப்பில் அந்தக் காலத்தில் பை தூக்கியவர்கள் மட்டும் கறுப்பினத்தவர்கள்தான்.

மழைக்குடை:

பசும்புல் அண்ணன் சொன்னதோடு பாப்வா சிவ்கோலம் பெயரையும் பையனுக்குச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி. இவரும் பை தூக்கிப் பழகியவர். கைகளை மாற்றிப் பிடித்து ஆடுவார். 1959-ல் ஹாலந்துப் பொதுப் போட்டியை வென்றார். 1963-ல் டர்பனில் நேட்டால் போட்டியை வென்றபோது கிளப் கட்டடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

நம் சிங்கப்பூரிலும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று கோல்ஃப் கிளப் இருந்த காலம் உண்டு. ஆசியர்களும் சேர ஐலண்ட் கிளப் வந்தது அதனால்தான். 1963-ல்தான் இரண்டும் ஒன்றாயின.

ஈசூன்வாசி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பையன் டைகரை விட்டுவிட்டு ஸ்பில்லரையே எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். பெண்கள் யாரும் இல்லையா என்று கேட்கிறாள், அண்ணா.

பசும்புல்:

ஏன் இல்லை, தங்கச்சி! ஆன் கிரெகரி 1956-ல் அமெரிக்க மகளிர் அமெச்சூர் போட்டியில் ஆடினார். 1959-ல் ஆட்டக்காரர்களுக்கு வைத்த விருந்துக்குள் அவரை விடவில்லை. விம்பிள்டன் டென்னிஸ் வென்ற அல்தியா கிப்சன் 1964-ல், 37 வயதில், தொழில்முறை மகளிர் கோல்ஃபில் சேர்ந்தார். சில கிளப்களில் காருக்குள்ளேயே காலணி மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்து 1967-ல் வந்தவர் ரெனீ பவல். மகளுக்கு இவர் அப்பாவின் கதையைச் சொல்லுங்கள். பில் பவல் போருக்குப் போய்த் திரும்பியவர். ஊரில் ஆட விடவில்லை, வங்கியும் கடன் தரவில்லை. ஒஹாயோவில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கி, இரவில் காவலாளி வேலை பார்த்துக்கொண்டே பகலில் தன் கையால் புல் விதைத்து மைதானம் போட்டார். 1948-ல் ஒன்பது குழிகளோடு திறந்தார், எந்த இனத்தவரும் வந்து ஆடலாம் என்று. கிளியர்வியூ என்று பெயர். புல்தரை வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்பது குழிகளையும் சுற்றியுள்ள பச்சைத் தரையை ஓர் ஆள் உயிரோடு வைத்திருப்பதே பெரிய காரியம். அவர் பின்னாளில் அதைப் பதினெட்டுக் குழிகளாக்கினார்.