ஞாயிற்றுக்கிழமை தவக்காலத்தில் சேருமா, சேராதா?

கணக்குப்பிள்ளை:
ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “தவக்காலம் 46 நாள். ஞாயிறன்று விடுப்பு எடுப்பவன் விரதத்தை முறித்தவன்.” எழுதிய புண்ணியவானுக்குக் கழித்தல் வராது போலிருக்கிறது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை 46 நாள். நடுவில் ஞாயிறு 6. மிச்சம் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், அன்று நோன்பு கிடையாது.

தவசி:
அந்தப் புண்ணியவான் அடியேன்தான். பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த ஆண்டவர் வாரத்துக்கு ஒருநாள் லீவு போட்டாரா? ஆறு நாள் காபியை விட்டுவிட்டு ஞாயிறன்று ஏழு நாள் காபியையும் சேர்த்துக் குடிப்பவர்களுக்குத் திங்கட்கிழமை தலைவலிதான் மிச்சம். இதற்குப் பெயர் ஒறுத்தலா?

மெழுகுதிரி:
விரதம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு, நாமாக விடுவது வேறு. ஒருசந்தி என்றால் முழுச் சாப்பாடு ஒருவேளை. காலையிலும் இரவிலும் கொஞ்சம் சாப்பிடலாம். அந்த இரண்டும் சேர்ந்து இன்னொரு முழுச் சாப்பாடு ஆகிவிடக்கூடாது. 18 வயது முடிந்ததிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும் வரைதான் இது கடமை. சுத்தபோசனம் இறைச்சியை விடுவது; 14 முடிந்த எல்லாருக்கும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1251-இன்படி ஒருசந்தி கடமையாகும் நாள் இரண்டே இரண்டு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். இரண்டுமே ஞாயிறு இல்லை!

கணக்குப்பிள்ளை:
அதெல்லாம் இருக்கட்டும். ஞாயிறு 6. பழைய காலத்தில் ஆறு வாரம்தான் நோன்பு. ஞாயிறுகளைக் கழித்தால் 36 நாள். ஆண்டில் பத்தில் ஒரு பங்கு என்று திருத்தந்தை பெரிய கிரகோரியாரே கணக்குச் சொல்லியிருக்கிறார். நாற்பது நிரம்பவில்லையே என்றுதான் பின்னால் புதன் முதல் சனி வரை நான்கு நாளை முன்னே ஒட்டினார்கள். ஞாயிறு சேர்த்தியாக இருந்தால் ஏன் ஒட்ட வேண்டும்? பதில் உண்டா?

தவசி:
உண்டு. 1969 வழிபாட்டு ஆண்டு விதிப்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. புதன் முதல் வியாழன் வரை 44. உமது 6-ஐக் கழித்தால் 38. அந்த 40 எங்கே ஐயா ஓடிப்போனது? முதல் ஞாயிறு தொடங்கி பெரிய வியாழன் வரை, ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணிப் பாரும். சரியாக 40!

கணக்குப்பிள்ளை:
வழிபாட்டுக் காலம் வேறு, நோன்பு வேறு. பெரிய வெள்ளியும் பெரிய சனியும் பாஸ்கா நோன்பு. 38-உடன் அந்த 2. கூட்டலும் வராதா?

வடக்குவாசல்:
கிழக்குத் திருச்சபைகளின் பைசாந்திய மரபில் திங்கட்கிழமை தொடங்கி, குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி வரை 40. ஞாயிறும் உள்ளேதான். சனி, ஞாயிறுகளில் எண்ணெயும் திராட்சை ரசமும் உண்டு, இறைச்சியும் பாலும் முட்டையும் அப்போதும் கிடையாது. தளர்வு வேறு, விலக்கு வேறு.

தவசி:
கேட்டீரா கணக்குப்பிள்ளை? உள்ளேதான்.

கணக்குப்பிள்ளை:
தளர்வு என்றும் சொன்னாரே, அது மட்டும் காதில் விழவில்லையா? கிழக்கு மரபு வேண்டுமென்றால் பாலும் முட்டையும் விட்டுவிட்டு வந்து பேசும். தமக்குச் சௌகரியமானதை மட்டும் பொறுக்கிக்கொள்வது இவருக்குப் பழக்கம். 2021-இல் சூசையப்பர் திருநாள் வெள்ளிக்கிழமை வந்தபோதும் இதே கூத்து. வெள்ளிதோறும் உள்ள சுத்தபோசனக் கடமை, அன்று பெருவிழா வந்தால் இல்லை என்று 1251-ஐக் காட்டிய பிறகும் மூன்று நாள் மல்லுக்கட்டினார்.

தவசி:
கடமை இல்லை என்றால் விடக்கூடாது என்று அர்த்தமா? அன்றும் இதைத்தான் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

மெழுகுதிரி:
தர்மத்தைப் பற்றி ஒருவராவது பேசுவீர்களா? விட்ட உணவின் காசை அன்றன்றைக்கே தனியாக எடுத்து வைக்க வேண்டும். கடைசி வாரத்தில் குத்துமதிப்பாகப் போட்டால் எப்போதும் குறைச்சலாகத்தான் வரும். இறைச்சியை விட்டு அதைவிட விலைகூடிய மீன் வாங்கினால் சட்டம் மீறவில்லை. ஆனால் ஏழைக்குக் கொடுக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. மத்தேயு 6-இல் தர்மம், செபம், நோன்பு என்றுதான் வரிசை. நோன்பு கடைசி.

கணக்குப்பிள்ளை:
நல்ல யோசனை. ஞாயிறு விட்டு 40 நாள் காசு.

தவசி:
46 நாள் காசு. ஏழைக்கு ஞாயிற்றுக்கிழமை பசிக்காதா?

கணக்குப்பிள்ளை:
கொடுப்பதை யார் தடுத்தது? நோன்பு இல்லை என்றுதான் சொன்னேன். ஞாயிறு 6 என்று எத்தனை தடவை எழுதுவது?

வடக்குவாசல்:
இதுவரை மூன்று தடவை எழுதியாயிற்று.

தவசி:
அதே மத்தேயு 6-இல், நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளாதே என்றும் இருக்கிறது. இங்கே ஒருவர் நோன்பில்லாத நாளிலும் அப்படித்தான் இருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
முகத்தைப் பார்த்தீரோ? முதலில் அந்தச் செய்தியில் “சாம்பல் புதன்” என்று போட்டதைத் திருத்தும். திருநீற்றுப் புதன் என்று நல்ல தமிழ் இருக்கிறது.

தவசி:
சாம்பல் என்ன பிரெஞ்சா?