டென்ஷனர் கீச் சத்தம்: 250 ரூபாய் பேரிங்கா, முழு செட்டா?

திம்பம்27
வண்டி 2010 மாடல், 2.5 லிட்டர் டீசல், 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பேரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு பெல்ட்டை விட்டு வேறெங்கோ போய்விடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கத்திலிருந்து குருவி கத்துவது போல ‘கீச் கீச்’. ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும், ஏசி போட்டால் திரும்ப வரும். போன மாதம் ஏசி, ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் ஓட்டும் முன்பக்க பெல்ட்டை மாற்றினேன். இரண்டு வாரம் அமைதி, அப்புறம் பழைய கதைதான். எங்கள் மெக்கானிக் ஸ்பிரிங்கால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை முழு செட்டாக மாற்றச் சொல்கிறார், ஆறாயிரத்துச் சொச்சம் ஆகுமாம். பக்கத்து லேத் பட்டறையில் பேரிங் மட்டும் மாற்றித் தருகிறோம், 250 ரூபாய் போதும் என்கிறார்கள். சத்தியமங்கலத்திலிருந்து வாரம் இரண்டு முறை திம்பம் மலை ஏறுகிற வண்டி. எதைச் செய்யலாம்?

லேத்துக்காரன்
250 ரூபாய்தான் சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பல வண்டிகளில் டென்ஷனர் புல்லிக்குள், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்துக்குள், உட்கார்ந்திருப்பது சாதாரண 6203 பேரிங். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். மோட்டார் ரீவைண்டிங் கடையில் தினமும் புழங்குகிற சைஸ். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டதாக, சி3 (உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி) என்று அடித்ததாகப் பார்த்து நல்ல கம்பெனிச் சரக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் நன்றாக இருக்கும்போது ஆறாயிரத்தைக் கொட்டுவது வீண்.

ஸ்பேர்ஸ்_ஈரோடு
லேத்துக்கார அண்ணனுக்கு எது கெட்டாலும் லேத்தில்தான் வைத்தியம். அந்தப் புல்லி என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்திருக்கிறாரா? பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், டென்ஷனர் புல்லி 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் இந்தச் சின்னப் புல்லி 6,400-க்கு மேல் சுற்றும், அதுவும் என்ஜின் சூட்டுக்குப் பக்கத்திலேயே. நிறைய புல்லிகளில் நைலானைப் பேரிங்கின் மேலேயே வார்த்திருப்பார்கள். அடித்துக் கழற்றினால் புல்லி வெடிக்கும், சூடு காட்டினால் உருகும். முழு செட்டாக மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

லேத்துக்காரன்
தம்பி, நான் அடிப்பேன் என்று யார் சொன்னது? பிரஸ்ஸில் வைத்து வெளி வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்றுவேன். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும், புதுப் பேரிங்கே ஒரு மாதத்தில் கரகரக்கும். நைலானில் வார்த்த புல்லி என்றால் நானே முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவேன். இவருடையது இரும்புப் புல்லியா நைலானா என்று முதலில் கேட்டீர்களா? ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவர் முழு செட்டு வாங்கச் சொல்லாமல் வேறென்ன சொல்வார்!

கொசுவர்த்தி
குளியல் சோப்பை பெல்ட்டின் உள்பக்கம் லேசாகத் தேய்த்துவிடுங்கள், சத்தம் போய்விடும். என் வண்டியில் ஆறு மாதமாக இதுதான் ஓடுகிறது.

ஸ்பேர்ஸ்_ஈரோடு
சத்தம் போகும், கூடவே பெல்ட்டின் பிடிமானமும் போகும். ஆறு மாதமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் வியாதி அப்படியேதானே இருக்கிறது?

ஃபோர்மேன்_ஓய்வு
முப்பது வருடம் டிப்போவில் டீசலோடு மாரடித்தவன். இரண்டு பேரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே பில் போடுகிறீர்கள். பேரிங் போனால் கீச் என்று விட்டு விட்டுக் கத்தாது. ‘உய்ங்’ என்றோ ‘கரகர’ என்றோ தொடர்ந்து கேட்கும், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறும், சூடானாலும் அடங்காது. இவர் சொல்வது விட்டு விட்டு வருகிற குருவிச் சத்தம், அது பெல்ட் புல்லியில் கோணலாக ஏறும்போது வருவது.

திம்பம் தம்பி, ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் வருகிற நேரத்தில் என்ஜின் ஐடிலிங்கில் இருக்கட்டும், பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் பீய்ச்சுங்கள். சட்டை நுனி, கை எதுவும் கிட்டே போகக் கூடாது. சத்தம் சட்டென்று நின்று சில நொடியில் திரும்பினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் பெரிதானால் பெல்ட் லூஸ், வழுக்குகிறது. அப்புறம் என்ஜினை நிறுத்தி, புல்லியைத் தாங்கும் டென்ஷனர் கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அது ஸ்பிரிங்கின் திசையில் மட்டும்தான் நகர வேண்டும். பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் உள்ளே கை திரும்பும் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது, புதுப் பேரிங் போட்டாலும் புல்லி சாய்ந்தேதான் நிற்கும்.

திம்பம்27
நன்றி ஐயா, நாளைக் காலை பார்த்துச் சொல்கிறேன். இன்னொரு சந்தேகம். பழைய வண்டியில் அப்பா போல்ட்டைத் திருகி பெல்ட்டை டைட் செய்வார். இதில் அப்படி முடியாதா?

ஃபோர்மேன்_ஓய்வு
அது வி-பெல்ட் காலம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அரை அங்குலம் இறங்கினால் சரி என்று விட்டுவிடுவோம். இதில் ஸ்பிரிங்கே இறுக்கிக்கொள்ளும், நாம் திருக ஒன்றுமில்லை. பல டென்ஷனர்களில் பாடியில் இரண்டு கோடும் கையில் ஒரு முள்ளும் இருக்கும். முள் கோடுகளுக்கு வெளியே நின்றால் ஒன்று பெல்ட் நீண்டிருக்கிறது, இல்லையென்றால் கடைக்காரர் சைஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார். பெல்ட்டில் 7பிகே என்று தொடங்கும் எண்ணில் 7 என்பது வரிகள், கடைசியில் வருவது நீளம், மில்லிமீட்டரில். பழைய பெல்ட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திம்பம்27
பார்த்துவிட்டேன். பெல்ட் எண் சரி, முள்ளும் கோட்டுக்குள். தண்ணீர் பீய்ச்சியதும் சத்தம் நின்றது, நாலைந்து நொடியில் திரும்ப வந்தது. டென்ஷனர் கையில் பக்கவாட்டு ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. புது பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் கண்ணாடி போல் பளபளக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன், என்ஜின் ஓடும்போது அந்தக் கை நிற்காமல் படபடவென்று துடிக்கிறது. புல்லி இரும்புதான். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றினேன், பேரிங் லேசாகத்தான் உரசுகிறது.

ஸ்பேர்ஸ்_ஈரோடு
அப்புறமென்ன, புஷ் போய்விட்டது. முழு செட்டு. வழக்கு முடிந்தது.

லேத்துக்காரன்
அவசரப்படாதீர்கள். புஷ்தானே? கன்மெட்டல் என்கிற வெண்கலக் கலவையில் ஒரு புஷ் கடைந்து போட்டால் ஆயுசுக்கும் தேயாது.

ஃபோர்மேன்_ஓய்வு
அங்கேதான் வம்பு. அந்த நைலான் புஷ்ஷை வெறும் தாங்கி என்று நினைக்கிறீர்கள். உரசி உரசிக் கையின் துடிப்பை அடக்குவதும் அதன் வேலை. நாலு சிலிண்டர் டீசல் ஐடிலிங்கில் 750 சுற்று என்றால் நொடிக்கு 25 முறை வெடிக்கிறது, ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளை விழுங்க உரசல் வேண்டும். எண்ணெய் விட்ட கன்மெட்டலில் கை வழுக்கி இன்னும் அதிகமாகத்தான் ஆடும்.

ஈரோட்டுத் தம்பி, உங்களுக்கும் சொல்கிறேன், வழக்கு முடியவில்லை. கை ஏன் அப்படித் துடிக்கிறது? திம்பம் தம்பி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் புல்லி ஒருவழி கிளட்ச் உள்ளதா? முன்னால் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். பெல்ட் கழற்றிய நிலையில் புல்லியை இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆல்டர்னேட்டர் கூடவே சுற்ற வேண்டும், மறுபக்கம் புல்லி மட்டும் தனியாக வழுக்க வேண்டும்.

திம்பம்27
மூடி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆல்டர்னேட்டர் கூடவே சுற்றுகிறது.

ஃபோர்மேன்_ஓய்வு
கிளட்ச் இறுகிவிட்டது. கிராங்க் ஒவ்வொரு முறை வேகம் குறையும்போதும் ஆல்டர்னேட்டரின் கனமான ரோட்டர் பெல்ட்டை முன்னால் இழுக்கிறது, அந்த உதையை டென்ஷனர் வாங்கிக்கொள்கிறது. புஷ் தேய்ந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். புது டென்ஷனர் மட்டும் போட்டால் அதையும் அது தின்றுவிடும். முதலில் ஆல்டர்னேட்டர் புல்லி, பிறகு டென்ஷனர். ஓரம் தேய்ந்த பெல்ட்டையும் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கொசுவர்த்தி
ஒரு கீச் சத்தத்துக்குப் பத்தாயிரம் செலவா? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே.

ஸ்பேர்ஸ்_ஈரோடு
டவுனுக்குள் ஓடுகிற வண்டி என்றால் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். இவர் ஏறி இறங்குவது 27 கொண்டை ஊசி வளைவு. பெல்ட் தெறித்தால் வாட்டர் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் கல்லாகும். பழைய டீசல்கள் பலவற்றில் பிரேக் மிதியை லேசாக்கும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது. பெல்ட் போனால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கட்டை போல் ஆகிவிடும். பண்ணாரிக்கு இறங்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

லேத்துக்காரன்
பிரேக் விஷயத்தில் ஈரோட்டுக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை. புஷ் விஷயத்தில் ஃபோர்மேன் ஐயாவோடு இருக்கிறது. என் சொந்த வேனில் கன்மெட்டல் புஷ் போட்டு 40,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், கை ஆடவில்லை.

ஃபோர்மேன்_ஓய்வு
உங்கள் வேனில் ஆல்டர்னேட்டர் கிளட்ச் நன்றாக இருந்திருக்கும்.

திம்பம்27
வேலை முடிந்தது. ஆல்டர்னேட்டர் புல்லி, டென்ஷனர் முழு செட்டு, பெல்ட் எல்லாம் புதிது. புல்லி போல்ட்டைத் திருகுமுன் மெக்கானிக் ‘இது எதிர்ப்பக்கம் திருகுகிற இடது மரையாக இருக்கலாம்’ என்று நிறுத்திப் பார்த்தார், அப்படியேதான் இருந்தது. வழக்கம் போலத் திருகியிருந்தால் போல்ட் முறிந்திருக்கும். இன்று காலை ஸ்டார்ட் செய்தேன், கை ஆடாமல் நிற்கிறது, சத்தம் இல்லை. பழைய டென்ஷனர் டிக்கியில் கிடக்கிறது, காயலான் கடைக்குப் போடலாமா?

லேத்துக்காரன்
போட்டுவிடாதீர்கள்! அதில் ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங். பார்சலில் எனக்கு அனுப்பிவிடுங்கள், கூலி நான் தருகிறேன்.