பாராட்டி வந்த அழைப்பை ஏற்கலாமா? ஆய்வுப் பாதுகாப்பு குறித்து ஓர் ஐயம்

கேள்வி
வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், அரசு நிதியில் நடக்கும் மின்கல ஆய்வில் பணிபுரிகிறேன். அண்மையில் வெளியான என் கட்டுரையைப் பாராட்டி, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பெயரில் மின்னஞ்சல் வந்துள்ளது. ஆண்டுக்கு இரண்டு மாதம் தம் ஆய்வகத்தில் பணியாற்றினால் ஊதியம் தருவதாகவும், தொடர்புடைய கட்டுரைகளை இணைப்பில் படிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். முறைப்படி தெரிவித்துவிட்டு இதை ஏற்கலாமா?

மறுமொழி 1
ஏற்பது வேறு, மறைப்பது வேறு. ஹார்வர்டு வேதியியல் துறைத் தலைவராக இருந்த சார்லஸ் லீபர், வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் இருந்த தொடர்பைப் பற்றி அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்காகவும், அங்கே பெற்ற வருமானத்தை வரிக்கணக்கில் காட்டாததற்காகவும் 2021 டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவர்மீது உளவுக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் இன்று தெரிவிப்பது மட்டும் போதாது. சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா ஆகியவை வெளிநாட்டு ஆய்வாளர்களை ஈர்க்க நடத்தும் சில ஆள்சேர்ப்புத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் அரசு நிதி ஆய்வில் பங்கேற்பதை அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுச் சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டம் தடுக்கிறது. ஆகவே ஒப்பந்த வாசகத்தைப் பல்கலைக்கழகத்திடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. எனினும் எச்சரிக்கை என்ற பெயரில் நிகழ்ந்த அநீதியையும் சொல்லியாக வேண்டும். சீனாவுக்காக நடக்கும் உளவையும் தொழில்நுட்பத் திருட்டையும் தடுக்க 2018 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை தொடங்கிய 'சீன முன்முயற்சி'யின்கீழ் வழக்கைச் சந்தித்த, சீனாவில் பிறந்த டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன்மிங் ஹூ, வேலையை இழந்த பிறகே 2021 செப்டம்பரில் நிரபராதி என விடுவிக்கப்பட்டார். அவரைப் போலவே சீனாவில் பிறந்த எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் மீதான வழக்கை அரசே 2022 ஜனவரியில் கைவிட்டது. அடுத்த மாதம் அந்த முயற்சியும் முடிவுக்கு வந்தது. பிறந்த நாட்டைப் பார்த்து ஐயுறும் பாதுகாப்பு, ஆய்வகத்தில் நேர்மையாக உழைப்பவர்களைத்தான் முதலில் துரத்துகிறது.

மறுமொழி 3
ஒப்பந்தத்தைவிட அந்த இணைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. 2018 மார்ச்சில் ஈரானியர் 9 பேர்மீது அமெரிக்கா தொடுத்த, ஈரானின் மப்னா நிறுவனம் தொடர்பான இணைய ஊடுருவல் வழக்கில் விவரிக்கப்பட்ட முறையும் ஏறத்தாழ இதுவே. வேறொரு பேராசிரியர் எழுதுவதுபோல் கட்டுரையைப் பாராட்டுவார்கள். இணைப்பைச் சொடுக்கினால், பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கத்தைப் போலவே செய்யப்பட்ட போலிப் பக்கம் திறந்து கடவுச்சொல்லைக் கேட்கும். குற்றப்பத்திரிகையின்படி, இப்படி ஏறத்தாழ 8,000 பேராசிரியர்களின் கணக்குகளுக்குள் நுழைந்து, 31.5 டெராபைட் தரவைக் கொண்டு சென்றார்கள். அனுப்பியவருக்கு அதே மின்னஞ்சலில் பதில் எழுதாமல், அவருடைய துறையின் இணையதளத்தில் உள்ள முகவரி வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. இணைப்பை நான் இன்னும் திறக்கவில்லை. துறையின் இணையதளத்தில் அந்தப் பேராசிரியரின் முகவரியைப் பார்த்தேன். மின்னஞ்சல் வந்த முகவரி அதுவன்று. அப்படியே எங்கள் கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்.